ஒரு பிரிண்டர், மூன்று கம்ப்யூட்டர்: கோளாறு வந்தால் நாமே பார்க்கலாம்



இந்த மாதப் பாடம் கம்ப்யூட்டரைப் பற்றியது. "அதெல்லாம் ஆபீஸ் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீங்க. நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். படித்த பிறகு, இது நமக்குத் தேவையா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நடந்தது என்ன?

நம் அலுவலகத்தில் முதலில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று கணக்காளர் மேசையில், இன்னொன்று கடன் பிரிவில். பிரிண்டர் ஒன்றுதான். அது கணக்காளர் மேசையில் இருந்தது. கடன் பேரேட்டை பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்குவோம். அங்கே எழுதியதை மறுபடி இங்கே கொண்டுவந்து இறக்குவோம். ஒரு நாள் அவசரத்தில் இறக்க மறந்துபோச்சு. அன்றிலிருந்து ஒரே பேரேடு இரண்டு பேரேடாகிவிட்டது. இதில் இருக்கிற வரவு அதில் இல்லை. அதில் இருக்கிறது இதில் இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் தவணை பாக்கி உள்ளவர்கள் பட்டியலை வாசித்தோம். இரண்டு தவணை பாக்கி என்று ஒரு உறுப்பினரின் பெயரும் வந்தது. அவர் சண்டை போடவில்லை. எழுந்து வந்து தன் பாஸ் புத்தகத்தை மேசை மேல் விரித்து வைத்தார். இரண்டு தவணையும் கட்டியிருந்தார். பக்கத்திலேயே நம் கையெழுத்தும் இருந்தது. களை எடுத்த கூலியை அப்படியே கொண்டுவந்து கட்டிய பெண்ணை, இத்தனை பேர் நடுவில் பாக்கிக்காரி ஆக்கிவிட்டோம். வருத்தம் தெரிவித்து தீர்மான நோட்டில் எழுதினோம். ஆனால் வாசித்த பெயரைத் திரும்ப எடுக்க முடியுமா?

அதோடு பென் டிரைவை நிறுத்தினோம். பேரேடு ஒரே இடத்தில் இருக்கும், எல்லா கம்ப்யூட்டரும் அங்கே வந்து பார்க்கும், ஒரே பிரிண்டரில் எல்லோரும் அச்சிடுவோம் என்று மாற்றினோம். இதற்குத்தான் ஃபைல், பிரிண்டர் பகிர்வு என்று பேர். நல்லாத்தான் ஓடியது.

இரண்டாவது சம்பவம் அதற்குப் பிறகு. அதற்குள் லேப்டாப் ஒன்றும் வந்து மூன்று கம்ப்யூட்டர்கள் ஆகிவிட்டன. வங்கியில் கடன் மனு கொடுக்க வேண்டிய நாள். முதல் நாள்தான் பழைய வைஃபை பெட்டி மாறிப் புதுசு வந்திருந்தது. காலையிலிருந்து அச்சு வரவில்லை, பேரேடும் திறக்கவில்லை. பன்னிரண்டு குழுக்களின் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அன்றைய வேலையை விட்டுட்டு வந்தவர்கள். டவுனிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். பத்தே நிமிஷம், ஏதோ ஒன்றை மாற்றினார், சரியாகிவிட்டது. "என்ன தம்பி பண்ணினீங்க?" என்று கேட்டோம். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா" என்று சொல்லி, கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மாற்றியது என்ன என்று பிறகு நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். அது ஒரே ஒரு புள்ளி. அதை இந்தப் பாடத்தில் மூன்றாம் படியில் காண்பீர்கள்.

முதலில் புரிந்துகொள்வோம்

வைஃபை பெட்டியை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் உண்டு அல்லவா? கம்ப்யூட்டரின் கதவு எண்ணுக்கு ஐபி எண் என்று பேர். 192.168.1.5 என்பதுபோல நான்கு பகுதியாக இருக்கும்.

கணக்காளர் கம்ப்யூட்டரில் பேரேடு இருக்கிறது, பிரிண்டரும் அதில்தான் மாட்டியிருக்கிறது. அதனால் அதைத் தாய் வீடு என்று சொல்வோம். மற்ற கம்ப்யூட்டர்கள் விருந்தாளிகள். விருந்தாளி உள்ளே வரவேண்டும் என்றால், தாய் வீட்டில் ஆள் விழித்திருக்க வேண்டும், இருவரும் ஒரே தெருவில் இருக்க வேண்டும், வாசல் திறந்திருக்க வேண்டும், எந்த அறைக்கு அனுமதி என்று சொல்லியிருக்க வேண்டும், அந்த அறைச் சாவி விருந்தாளி கையில் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. ஐந்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலான கோளாறு எங்காவது மாட்டிக்கொள்ளும்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோல்டர் திறக்கிறது, அச்சு மட்டும் வரவில்லையா? அப்படியென்றால் தெருவும் வாசலும் நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு பிரிண்டர் பக்கம். இரண்டுமே வரவில்லையா? அப்போ முதல் படியிலிருந்து பாருங்கள்.

இன்னொன்று. திரையில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். வாசித்தால் எப்படி ஒலிக்குமோ அப்படியே இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

படி 1: தாய் வீடு விழித்திருக்கிறதா?

கணக்காளர் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலோ தூங்கிவிட்டாலோ மற்றவர்களுக்கு எதுவும் கிடைக்காது. திரை கறுத்திருந்தால் ஒரு பொத்தானைத் தட்டி எழுப்புங்கள். அடிக்கடி தூங்கினால் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், ஸ்லீப் என்ற இடத்தில் நெவர் என்று வையுங்கள். மாலையில் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் இது பகிர்வுக் கோளாறே இல்லை. தாள், மை, வயர் இவற்றைப் பாருங்கள்.

படி 2: எல்லோரும் ஒரே தெருவிலா?

நெட் மெதுவாக இருந்ததால் லேப்டாப்பை யாராவது செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருப்பார்கள். அது வேறு தெரு. சில வைஃபை பெட்டிகளில் விருந்தினருக்கென்று கெஸ்ட் என்ற தனி வைஃபை இருக்கும். அதில் சேர்ந்தாலும் நெட் வரும், ஆனால் மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்க்க முடியாது.

எப்படித் தெரிந்துகொள்வது? செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போங்கள். வயர் மாட்டியிருந்தால் ஈதர்நெட், இல்லையென்றால் வைஃபை. அதில் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்து கீழே பாருங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்று எண் இருக்கும். எல்லா கம்ப்யூட்டரிலும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். நம்மைப் போன்ற சிறிய அலுவலகத்திலும் வீட்டிலும் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் ஒன்றுபோல இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் மாறும். ஒன்றில் 192.168.1.5, இன்னொன்றில் 192.168.43.20 என்று இருந்தால் தெரு வேறு என்று அர்த்தம்.

எண் 169.254 என்று தொடங்கினால், பெட்டி இந்தக் கம்ப்யூட்டருக்குக் கதவு எண் கொடுக்கவே இல்லை. வயரைப் பிடுங்கி மாட்டுங்கள். வைஃபை பெட்டியை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். பிறகு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: வாசல் திறந்திருக்கிறதா?

அந்தத் தம்பி மாற்றியது இதைத்தான்.

ஐபி எண் பார்த்த அதே பக்கத்தின் மேலே பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பப்ளிக் என்றால், "நான் பஸ் ஸ்டாண்டு மாதிரி இடத்தில் இருக்கிறேன், யாரையும் நம்பமாட்டேன்" என்று கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொள்ளும். பிரைவேட் என்றால், "நம்ம வீடு, நம்ம ஆட்கள்" என்று பகிர்வுக்கு இடம் கொடுக்கும். புது வைஃபை பெட்டி வந்தால் கம்ப்யூட்டருக்கு அது புது ஊர். பெரும்பாலும் தானாகவே பப்ளிக் என்று வைத்துக்கொள்ளும். நமக்கு நடந்தது அதுதான். மூன்று கம்ப்யூட்டரிலும் பிரைவேட் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அலுவலகத்திலும் வீட்டிலும் மட்டும் இப்படி. லேப்டாப்பை வெளியே கொண்டுபோய் வேறு வைஃபையில் சேர்க்கும்போது பப்ளிக்தான் இருக்க வேண்டும்.

பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் என்ற பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் 10ல் கண்ட்ரோல் பேனலில், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குள் இருக்கும். விண்டோஸ் 11ல் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டில், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் இருக்கும். பிரைவேட் என்ற தலைப்பின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டும் ஆன் ஆக இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? தனியாக வாங்கிப் போட்ட வைரஸ் தடுப்பு மென்பொருள் தடுக்கலாம். அதற்குள்ளும் இந்த நெட்வொர்க் நம்பிக்கையானது என்று சொல்ல இடம் இருக்கும். அதை மாற்றுங்கள். எரிச்சலில் பாதுகாப்பு முழுவதையும் அணைத்து வைக்காதீங்க.

படி 4: அறைக்கு அனுமதி இருக்கிறதா?

தாய் வீட்டில் பேரேடு இருக்கும் ஃபோல்டரின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தி ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங், அதில் ஷேர் என்று போங்கள். யாருக்கு அனுமதி என்று அங்கே சேர்க்கலாம். ரீட் என்றால் பார்க்க மட்டும். ரீட் ரைட் என்றால் எழுதவும் செய்யலாம்.

பிரிண்டருக்கு, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து ஷேரிங் பகுதியில் ஷேர் திஸ் பிரிண்டர் என்ற கட்டத்தில் டிக் வையுங்கள். சின்னதாக ஒரு பெயர் கொடுங்கள்.

படி 5: சாவி சரியா?

பாஸ்வேர்டு கேட்டு, கொடுத்தாலும் தவறு என்று திரும்பத் திரும்ப வருகிறதா? மூன்று காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, கேட்பது தாய் வீட்டுக் கம்ப்யூட்டரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். நம் கம்ப்யூட்டருடையது அல்ல. இரண்டு, காலையில் கம்ப்யூட்டர் திறக்கத் தட்டும் நான்கு இலக்க பின் நம்பர் இங்கே செல்லாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் செல்லும். முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத பயனர் பெயராலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. மூன்று, தாய் வீட்டில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், விருந்தாளிக் கம்ப்யூட்டர் பழையதையே ஞாபகம் வைத்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுங்கள்.

பெயர் தெரியவில்லை என்றால்

நெட்வொர்க் என்ற இடத்தில் தாய் வீட்டின் பெயர் சில நேரம் காட்டாது. வழி இருக்கும், பெயர்ப் பலகை மட்டும் இருக்காது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல் பட்டையில் நேராகக் கதவு எண்ணையே தட்டுங்கள். இப்படி: \\192.168.1.5 (உங்கள் தாய் வீட்டு எண்ணைப் போடுங்கள். முன்னால் இருக்கும் இரண்டு சாய்ந்த கோடுகள் முக்கியம்.) திறந்துவிட்டால், பகிர்வு சரி, பெயர் காட்டுவதில்தான் தகராறு. பிரிண்டரும் அங்கேயே தெரியும். அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி கனெக்ட் கொடுங்கள்.

அச்சு மட்டும் வரவில்லை என்றால்

வரிசையில் ஒரு அச்சு சிக்கினால் பின்னால் நிற்பதும் நகராது. பிரிண்டரின் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் கேன்சல் செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பிரிண்ட் ஸ்பூலர் என்ற வரியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன் என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

புதிதாக இணைக்கும்போது மட்டும் பிழை வருகிறதா? 2021ல் பிரிண்டர் பகிர்வில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் அனுப்பிய மாற்றங்களுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டரின் மென்பொருளை ஏற்ற அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். அந்தப் பயனராக நுழைந்து இணையுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் அப்டேட் போட்டு இன்னொன்றில் போடாமல் இருந்தாலும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. எல்லாவற்றிலும் போடுங்கள்.

பிரிண்டரே வைஃபையில் நேராகச் சேரும் வகை என்றால் அதற்கும் தனிக் கதவு எண் உண்டு. கரண்ட் போய் வந்தால் அந்த எண் மாறக்கூடும். பெட்டியின் அமைப்பில் அட்ரஸ் ரிசர்வேஷன் செய்துவைத்தால் எண் நிலையாக இருக்கும்.

பழைய கம்ப்யூட்டர் இருந்தால்

பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் பழைய விண்டோஸ் இருந்தால் கவனம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014லும், விண்டோஸ் 7க்கு 2020லும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. முன்பு ஹோம்குரூப் என்று ஒரு வசதி இருந்தது. 2018ல் விண்டோஸ் 10லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எக்ஸ்பி கம்ப்யூட்டரோடு பகிர, எஸ்எம்பி1 என்ற பழைய முறையைத் திறக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களுக்குள் பரவி, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது.

ரொக்கப்பெட்டி நினைவிருக்கட்டும்

நம் குழுவில் பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். ஏன் அப்படி வைத்தோம்? யாரையும் சந்தேகப்பட்டு அல்ல, எல்லோரையும் காப்பாற்ற. கம்ப்யூட்டரிலும் அதே புத்தி வேண்டும்.

• முழு டிரைவையும் பகிராதீங்க. தேவையான ஒரு ஃபோல்டர் போதும். உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ் புத்தக நகல் தனி ஃபோல்டரில், தேவைப்பட்டவருக்கு மட்டும்.

• எவ்ரிஒன் என்று எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுக்காதீங்க. எழுதுகிறவருக்கு ரீட் ரைட், மற்றவருக்கு ரீட்.

• ஒருவர் பேரேட்டைத் திறந்திருக்கும்போது இன்னொருவர் திறந்தால், ஃபைல் பூட்டியிருக்கிறது என்று செய்தி வரும். அது கோளாறு இல்லை, காவல். நகல் எடுத்து எழுதத் தொடங்கினால் மறுபடி இரண்டு பேரேடு ஆகிவிடும். "கொஞ்சம் மூடும்மா" என்று கேட்டால் போதும்.

• வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியபடியே விட்டால் வைரஸ் அதையும் தொடும்.

இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கம்ப்யூட்டர்களின் பெயர், கதவு எண், பிரிண்டரின் பகிர்வுப் பெயர், ஐந்து படிகள். பாஸ்வேர்டை அதில் எழுதவில்லை. அது பூட்டிய பீரோவில், உறைக்குள். கோளாறு வந்தால் தேதி, என்ன ஆச்சு, எந்தப் படியில் மாட்டியது, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். எல்லாம் நம்மால் சரியாவதில்லை. பிரிண்டர் உள்ளே பழுதானால் ஆள் வரத்தான் வேண்டும். அப்போதும், "ஐந்து படியும் பார்த்துட்டோம் தம்பி, நான்காவது வரை சரி" என்று நாம் சொன்னால், அவர் பேசுகிற விதமே மாறுகிறது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ தாய் வீடு எது? அதன் ஐபி எண் என்ன?

2. ஃபோல்டர் திறக்கிறது, அச்சு வரவில்லை. எந்தப் படிகளை விட்டுவிடலாம்?

3. புது வைஃபை பெட்டி வந்த மறுநாள் எதுவும் வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

4. உங்கள் குழுக் கணக்கு எத்தனை இடத்தில், எத்தனை நகலாக இருக்கிறது? எது உண்மையான பேரேடு என்று எல்லோருக்கும் தெரியுமா?

நான்காவது கேள்விக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. கையால் எழுதும் குழுக்களும் அதை அவசியம் பேசுங்கள். கட்டிய தவணை கட்டியதாகவே எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.